முப்பத்தோராவது ஸ்லைடு

ஆகஸ்ட் 9

உன் அண்ணனைக் கொன்றது நீ. அவரோடு சேர்த்து இன்னும் பத்துப் பேரை.

இதை அழுதுகொண்டு எழுதவில்லை. அழுகை முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. குவாரி ஆபீஸில், வருகைப் பதிவேடு எழுதும் அதே மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தப் பதிவேட்டில் பதினோரு பெயர்களைக் கோடு போட்டு அடித்ததும் நான்தான். ஏழாவது பெயர் அவருடையது. ஸ்கேல் வைத்துத்தான் அடித்தேன்.

போனில் பேசியிருப்பேன். என் போனை விசாரணைக் குழு எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்று காலை எத்தனை மணிக்கு எந்தப் படத்தைத் திறந்தேன் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறதாம். நேற்று அவர்களிடமிருந்து தாள் வந்தது. ‘செயற்கைக்கோள் படம் உரிய நேரத்தில் கிடைத்தும், தன்னார்வலர் அதைத் தவறாகப் படித்ததால் எச்சரிக்கை தரப்படவில்லை எனத் தெரிகிறது.’ செப்டம்பர் நாலாம் தேதி நேரில் வரவேண்டுமாம்.

நீ அன்று இங்கே இல்லை. அதனால் சொல்கிறேன். ஜூலை இருபத்து நாலு. விடிவதற்கு முன்பிருந்தே மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. உன் அண்ணன் ராத்திரி ஷிப்ட் முடித்து, எட்டு மணிக்கு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். தலையில் சிமெண்ட் சாக்கு.

“என்னடி இது, வானத்துல ஓட்டை விழுந்த மாதிரி ஊத்துது. சங்கு ஊதிரலாமா?”

பாறைக்கு வெடி வைக்கும்போது ஊதும் சங்கு அது. வெள்ள ஆபத்து என்றாலும் அதைத்தான் ஊத வேண்டும், ஓடைக்கரைக் குடியிருப்பில் இருப்பவர்கள் எல்லாரும் மேட்டுக்கு ஏற வேண்டும் என்பது உங்கள் திட்டம். எப்போது ஊதுவது என்று சொல்வது என் பொறுப்பு. போனைத் திறந்து படத்தைப் பார்த்தேன். எங்கள் மலை முழுக்கச் சாம்பல். மஞ்சள்கூட இல்லை. சிவப்பு எங்கோ நடுக்கடலில் கிடந்தது.

“படத்துல ஒண்ணுமில்ல. போய்த் தூங்குங்க” என்றேன்.

பத்தேகாலுக்கு ஓடை வீடுகளுக்குள் வந்தது. ராத்திரி ஷிப்ட்காரர்கள் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

‘சிவப்பு வந்தால் ஏறு, மஞ்சள் வந்தால் தயாராகு, சாம்பல் என்றால் வேலையைப் பார்.’ பயிற்சியில் எழுபது பேரை எழுந்து நிற்கவைத்து மூன்று முறை சொல்லவைத்தாய். நான் முதல் வரிசையில் நின்று, என் நாத்தனார் பாடம் நடத்துகிறாள் என்ற பெருமையில் சத்தமாகச் சொன்னேன்.

கேட்பது ஒன்றுதான். அன்றைய படத்தை நீயும் பார்த்திருப்பாய். நான் தவறாகப் படித்தேனா, இல்லையா?

உன் அண்ணி


ஆகஸ்ட் 16

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் பிரித்தபோது அம்மா பக்கத்தில் இருந்தாள். “யாரு, மருமகளா? என்ன எழுதியிருக்கா?” என்று கேட்டாள். “நல்லா இருக்காங்களாம்” என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு அவள் கேட்கவில்லை.

எனக்கும் அவன் ஒரே அண்ணன். அடக்கத்துக்கு வந்தபோது என்னைக் கண்டதும் நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பஸ்ஸில் திரும்பி வரும் ஆறு மணி நேரமும் அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோபம் இருக்கும். யார் மேலாவது இருக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கள் வேலை என்ன என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். நாங்கள் படம் எடுக்கிறோம், அதைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறோம். எச்சரிக்கை கொடுப்பது வேறு துறை. பயிற்சிக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ‘இப்படங்கள் வழிகாட்டுதலுக்கு மட்டுமே’ என்று போட்டிருக்கிறோம். சின்ன எழுத்துத்தான், ஆனால் இருக்கிறது.

இது தொடர்பாக யாரோடும் போனிலோ மெயிலிலோ பேசக்கூடாது என்று ஆபீஸில் சுற்றறிக்கை வந்திருக்கிறது. அதனால் நானும் கடிதமே எழுதுகிறேன். வீட்டு முகவரிக்கே எழுதுங்கள்.

விசாரணையைப் பற்றி ஒரு யோசனை. அன்று காலை சிக்னல் விட்டு விட்டு வந்தது, படம் முழுதாகத் திறக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். மலைப்பகுதியில் நம்புவார்கள். போனில் இருக்கும் பதிவு, படத்தைத் திறந்த நேரத்தைத்தான் காட்டும், முழுதாகத் தெரிந்ததா என்று காட்டாது. உங்கள் மேலும் பழி வராது, யார் மேலும் வராது.

சரியாகச் சாப்பிடுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 22

மேதைக்கு,

அவர் உன்னை அப்படித்தான் கூப்பிடுவார். “எங்க மேதை மேகத்துக்கே ஜுரம் பாக்கிறவ” என்று குவாரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். லாரி டிரைவர்களுக்குக்கூடத் தெரியும்.

நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் ‘ஆமாம்’ இல்லை, ‘இல்லை’யும் இல்லை. பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறாய். படம் முழுதாகத் திறந்தது. பளிச்சென்று திறந்தது. அந்த மலையில் அன்றைக்குச் சரியாக வேலை செய்தது அது ஒன்றுதான்.

பயிற்சி நாளை நினைத்துப் பார். எல்லாருக்கும் செயற்கைக்கோள் படம் போட்ட நீலச் சட்டை. அமைச்சர் வந்து விளக்கேற்றி, நம்மோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் நீ மைக்கைப் பிடித்தாய். “உங்க கண்ணு ரெண்டு கிலோமீட்டர்தான் பாக்கும். செயற்கைக்கோள் பாதி உலகத்தைப் பாக்கும். கண்ணை நம்பாதீங்க, படத்தை நம்புங்க.” இதை நான் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

எங்கள் குவாரி கேன்டீனில் வேலை பார்த்தவள் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா? குள்ளமாக, முன்பல் கொஞ்சம் எடுப்பாக இருப்பாள். “சாம்பல் மேகம் மழையே பெய்யாதா மேடம்? எங்க மலையில எப்பவும் அதுதானே நிக்குது?” என்றாள். நீ சிரித்தாய். “பெய்யும் பெய்யும். அது குடையோட போயிடும்” என்றாய். கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் கூசிப்போய் உட்கார்ந்துவிட்டாள்.

பதினோரு பேரில் அவளும் ஒருத்தி. காய்ச்சல் என்று அன்றைக்கு லீவு போட்டிருந்தாள்.

ஜூன் மாதம் சிவப்பு வந்தது என்று இரண்டு முறை சங்கு ஊதச் சொன்னேன். ஒரு சொட்டு விழவில்லை. மேனேஜர் எல்லார் முன்னாலும் “மேடம் வானத்தைப் பாத்து வேலைய நிறுத்துவாங்க, நாம வாயைப் பாத்துட்டு நிக்கணும்” என்றார். உனக்குப் போன் போட்டு அழுதேன். நீ என்ன சொன்னாய்? “அண்ணி, ரூலை மாத்தாதீங்க. சிவப்புன்னா ஊதுங்க, இல்லன்னா ஊதாதீங்க. நடுவுல நீங்களா யோசிக்க ஆரம்பிச்சா எல்லாம் போச்சு.”

நானாக யோசிக்கவில்லை. அதற்குத்தான் இந்தத் தண்டனையா?

அவள் கேட்ட கேள்விக்கு உனக்கு உண்மையான பதில் தெரியுமா, தெரியாதா? தெரியாமல் சொல்லியிருந்தால் உன்னை மன்னித்துவிடுகிறேன். எழுது.

அண்ணி


ஆகஸ்ட் 27

அண்ணி,

தெரியும்.

நான்கு வருஷம் படித்து முனைவர் பட்டம் வாங்கியதே அந்த மழையைப் பற்றித்தான். அண்ணன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்கு அது புரிந்ததில்லை, நானும் புரியவைத்ததில்லை.

செயற்கைக்கோள் மேகத்தின் உச்சந்தலையைத்தான் பார்க்கிறது, அடிவயிற்றைப் பார்ப்பதில்லை. உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று அளக்கிறது. அண்ணன் சொன்ன ஜுரம் அதுதான். உயரமாக வளர்ந்த மேகத்தின் உச்சி உறைந்திருக்கும், அதற்குச் சிவப்பு. குட்டை மேகத்தின் உச்சி அவ்வளவாகக் குளிராது, அதற்குச் சாம்பல். பெரும்பாலான இடங்களில் குட்டை மேகம் தூறலோடு போய்விடும். கடல்காற்று வந்து மலையில் மோதும் இடத்தில் அப்படி இல்லை. அங்கே அந்தக் குட்டை மேகமே ஒரே இடத்தில் நின்று, பின்னால் வரும் ஈரத்தையெல்லாம் வாங்கிக் கொட்டிக்கொண்டே இருக்கும். படத்தில் கடைசிவரை சாம்பலாகத்தான் தெரியும். உங்கள் மலை அந்த மாதிரி மலை.

இதைச் சொல்ல ஒரு ஸ்லைடு வைத்திருந்தேன். முப்பத்தோராவது. ‘சாம்பலும் ஆபத்தாகலாம். மலையில் இருப்பவர்கள் ஓடையையும் பாருங்கள்.’ ஒரு படம், இரண்டு வரி.

பயிற்சி இரண்டு நாள் என்று இருந்தது. அமைச்சர் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தார். மறுநாள் கூடம் வேறு யாருக்கோ வேண்டும் என்றார்கள். இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஸ்லைடைக் குறைம்மா. ஜனங்களுக்கு மூணு கலர் போதும். சந்தேகத்தைக் கிளப்பிவிட்டா ஒருத்தனும் சங்கு ஊத மாட்டான்” என்றார். எதை எடுப்பது என்று அவர் சொல்லவில்லை. தேர்ந்தெடுத்தது நான். ராக்கெட் கிளம்பும் வீடியோ பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. அதை எடுக்கவில்லை, அதற்குத்தான் எல்லாரும் கைதட்டுவார்கள். முப்பத்தொன்றை எடுத்தேன்.

அந்த அம்மா கேட்டபோது அந்த ஸ்லைடு என் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. திறக்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். நேரத்தைப் பார்த்தேன். ஜோக் அடித்தேன்.

நீங்கள் தவறாகப் படிக்கவில்லை. நான் கற்றுக்கொடுத்தபடி மிகச் சரியாகப் படித்தீர்கள்.

ஆனால் இதை விசாரணையில் சொல்லச் சொல்லாதீர்கள். இயக்குநர் அந்தக் குழுவில் உறுப்பினர். அடுத்த செயற்கைக்கோளுக்கான ஒப்புதல் மேலே காத்திருக்கிறது. அது வந்தால் மேகத்தின் அடியில் இருக்கும் மழையையும் ஓரளவு பார்க்க முடியும். இப்போது திட்டத்தின் பெயர் கெட்டால் அதையும் நிறுத்துவார்கள், நானூறு ஊர்களுக்கு இப்போது போகும் படமும் நின்றுபோகும். என் வேலைக்காக மட்டும் சொல்லவில்லை. வேலைக்காகவும்தான் சொல்கிறேன். அம்மா என்னோடு இருக்கிறாள்.

நாத்தனார்


செப்டம்பர் 1

அந்த ஸ்லைடை எடுத்துக்கொண்டு வா.

நாலாம் தேதி உன்னையும் கூப்பிட்டிருப்பார்கள், தெரியும். பிரின்ட் போட்டுக் கொண்டுவந்து மேசை மேல் வை. நீ பேசவேண்டாம், அது பேசும்.

இங்கே நான் எப்படி இருக்கிறேன் என்று நீ ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. குழாயடிக்குப் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். திட்டவாவது செய்யலாம். ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால், உங்கள் நீலச் சட்டை கொண்டியில் தொங்குகிறது. என்னுடையது இல்லை. கேன்டீன்காரி வீட்டுக்காரர் அவளுடையதைத் துவைத்து, மடிப்புக் கலையாமல் மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

மேனேஜர் மட்டும் என்னிடம் ரொம்பத் தன்மையாக இருக்கிறார். “ரெஸ்ட் எடுங்க மேடம், யாருக்கும் வர்ற தப்புதானே” என்கிறார். ஏன் தெரியுமா? ஓடை போகும் பாதையில் வரிசையாக வீடு கட்டி ஆட்களைக் குடிவைத்தது குவாரி. மேட்டில் இடம் இருக்கிறது, அங்கே கருங்கல் அடுக்கியிருக்கிறார்கள். கல்லுக்கு மேடு, மனுஷனுக்கு ஓடை. அதை இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. என் மேல் பழி இருக்கும்வரை கேட்கவும் மாட்டார்கள். குவாரிக்கும் நான் வேண்டும், உன் இயக்குநருக்கும் நான் வேண்டும்.

உங்களுக்கு எண் இருக்கிறது, எங்களுக்கு நிறம் கொடுத்தீர்கள். எண்ணில் தப்பு வந்தால் கட்டுரை எழுதுவீர்கள். நிறத்தில் தப்பு வந்தால் நாங்கள் குழி தோண்டுகிறோம்.

இன்னொன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு “போய்த் தூங்குங்க” என்று நான் சொன்னபோது உன் அண்ணனின் கை, ஆபீஸ் வாசலை ஒட்டிய சங்கு அறையில், பட்டன் மேல்தான் இருந்தது. எடுத்தார். “சரி, மேதை சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். நான் சொன்னதற்காகப் போய்த் தூங்கவில்லை, உனக்காகப் போய்த் தூங்கினார்.

எடுத்துக்கொண்டு வா.

அண்ணி


செப்டம்பர் 6

அண்ணி,

பை என் மடியில்தான் இருந்தது. ஜிப் திறந்திருந்தது. நீங்கள் பார்த்தீர்கள்.

அந்த அறையில் எவ்வளவு குளிர். உங்களுக்கு எதிரே மூன்று பேர், மூன்று தண்ணீர் பாட்டில். உங்களுக்குப் பாட்டில் வைக்கவில்லை என்பதை நான் கவனித்தேன், அதையும் சொல்லவில்லை. “மழை கொட்டுறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?” என்று அவர்கள் கேட்டபோது நீங்கள், “தெரிஞ்சுது. கண்ணை நம்பக் கூடாதுன்னு சொல்லிக்கொடுத்தாங்க” என்றீர்கள். ஒருவர் சிரித்தார். “யார் சொன்னா?” என்று கேட்டார்கள். “டிரெய்னிங்ல” என்றீர்கள். என் பெயரைச் சொல்லவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை.

அப்புறம் என்னிடம் கேட்டார்கள். “பயிற்சியில சொன்னது போதுமானதா இருந்ததா?”

“அடிப்படைத் தேவைக்குப் போதுமானதுதான்” என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் முன்கூட்டியே தயார் செய்யவில்லை, அண்ணி. அதுவாக வந்தது. ஆபீஸில் பத்து வருஷம் பேசிப் பேசி நாக்கு அப்படிப் பழகியிருக்கிறது. சொல்லி முடித்ததும் கை பைக்குள் போனது. தாளின் ஓரத்தைத் தொட்டேன். அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். நான் எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்ததும் இயக்குநர், “நல்லா சமாளிச்சம்மா” என்றார். அடுத்த மாதம் இன்னும் முப்பது இடங்களில் பயிற்சி. பொறுப்பு எனக்குத்தான். அதே ஸ்லைடுகள். ‘படத்தைப் படிப்பதற்குத் தன்னார்வலரே பொறுப்பு’ என்று முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். இந்த முறை பெரிய எழுத்தில்.

மன்னிப்புக் கேட்கத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நாத்தனார்


செப்டம்பர் 12

தீர்ப்பு வந்துவிட்டது. ‘கவனக்குறைவு.’ ஒரே சொல்லில் என்னை முடித்துவிட்டார்கள். போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தன்னார்வலர் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். ஸ்டோர்கீப்பர் பெண்டாட்டிதான் இனி படம் பார்ப்பாளாம். நல்ல பெண், இருபத்து மூன்று வயது. அரை மணி நேர வீடியோ பார்த்தாள், பயிற்சி முடிந்தது. சங்கு அறைச் சாவி அவள் இடுப்பில்.

உன் பெயரை நான் ஏன் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாய். பாசம் என்று நினைக்காதே. நீயாக எடுத்து வைப்பாய் என்று கடைசி நொடிவரை நம்பினேன். அவ்வளவுதான். உன்னை நம்பியே பழகிவிட்டது இந்தக் குடும்பம்.

என் விஷயம் முடிந்தது, அதை விடு. மழை இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. நீ எழுந்து நிற்கவைத்துச் சொல்லவைத்த எழுபது பேரில் பாதிப் பேர் என்னைப் போல மலையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் இன்றைக்கும் சாம்பலைப் பார்த்தால் வேலையைப் பார்க்கிறார்கள். அவர்கள் நம்பர் எல்லாம் உன் போனில் ஒரே குரூப்பில் இருக்கிறது. அந்த இரண்டு வரியை அனுப்பு. ‘சாம்பலும் ஆபத்தாகலாம். ஓடையில் தண்ணீர் ஏறினால் படம் பார்க்காமல் சங்கு ஊதுங்கள்.’ யார் தப்பு, யார் மறைத்தது, எதுவும் வேண்டாம். உன் பெயர்கூட வேண்டாம்.

நான் சொன்னால் என்ன என்று கேட்பாய். சொல்லிப் பார்த்துவிட்டேன். குழாயடியில் சொன்னேன், கேன்டீனில் சொன்னேன். படம் படிக்கத் தெரியாதவள் என்று அரசாங்கமே எனக்கு எழுதிக்கொடுத்திருக்கிறது. என் பேச்சை யார் கேட்பார்கள்?

அண்ணி


செப்டம்பர் 21

பதில் இல்லை.

பதினெட்டாம் தேதி காலையில் இங்கே பிடித்த மழை மத்தியானம்வரை விடவில்லை. ஸ்டோருக்கு ஓடினேன். அவள் போனை எனக்குக் காட்டினாள். சாம்பல். “ஓடையை வந்து பாரும்மா” என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். “அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குப் படம் பாக்க வராதுன்னு சொல்லிட்டாங்கல்ல” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள்.

சங்கு அறைக் கதவைக் கல்லால் இடித்தேன். இரண்டு பேர் வந்து பிடித்துக்கொண்டார்கள். “அதுக்குப் புத்தி பிசகிடுச்சு, பாவம்” என்று யாரோ சொன்னது கேட்டது.

முதல் வரிசை வீடுகளில் இரண்டாவது படிவரை தண்ணீர் வந்து நின்றது. அப்புறம் இறங்கியது. ஒருவரும் சாகவில்லை. அதனால் இனி என்னை இன்னும் நம்பமாட்டார்கள், அவளை இன்னும் நம்புவார்கள்.

அனுப்பினாயா? அனுப்பியிருந்தால் அவளுக்கு ஏன் வரவில்லை? அவளை அந்தக் குரூப்பில் சேர்க்கவே இல்லையா? சேர். நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

அண்ணி


அக்டோபர் 3

கடிதங்கள் எதுவும் திரும்பி வரவில்லை. அப்படியென்றால் உன் கையில்தான் இருக்கின்றன.

ஸ்டோர் போனில் இருந்து உன் வீட்டுக்குக் கூப்பிட்டேன். காலையில் கூப்பிட்டபோது அத்தை எடுத்தார், “அவ குளிக்கிறாம்மா” என்றார். சாயங்காலம் கூப்பிட்டேன், “குளிக்கிறா” என்றார். மறுநாள் மத்தியானம் கூப்பிட்டேன். அதே பதில். மூன்றாவது முறை அவர் குரல் உடைந்துவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவரை உனக்காகப் பொய் சொல்ல வைத்திருக்கிறாய். நான் போனை வைத்துவிட்டேன்.

நேற்று மறுபடியும் மேகம் வந்து மலையில் உட்கார்ந்துவிட்டது. இன்று காலை முதல் பெய்துகொண்டிருக்கிறது. ராத்திரி ஷிப்ட்காரர்கள் இப்போதுதான் வந்து படுத்திருக்கிறார்கள். நான் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டிவிட்டு வந்தேன். நாலு வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. இதை எழுதி முடித்ததும் மறுபடி போய்த் தட்டுவேன்.

உன் மன்னிப்பு எனக்கு வேண்டாம், விளக்கமும் வேண்டாம். எழுபது பேருக்கும் அனுப்பினாயா, இல்லையா? இல்லையென்றால் இந்தத் தாளைக் கீழே வைப்பதற்கு முன் அனுப்பு. அனுப்பிவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுது.